மறு: தா கான் பயிற்சிக்குத் தமிழில் என்ன? ‘கோலுதறல்’ என்கிறேன்

வணக்கம். தா கான் என்கிற சீனச் சண்டைக்கலை நீளக் கோலை அடியில் பிடித்து நுனி துடிக்கச் செய்யும் பயிற்சிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் போடுவது என்று மூன்று நாளாக இழை ஓடுகிறது, வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ‘நெடுங்கழி அதிர்வுப் பயிற்சி’ என்று முடிவாகிவிடும் போலத் தெரிவதால் எழுதுகிறேன். இரண்டு சொல்லுமே எனக்கு உறுத்துகிறது.

முதலில் நெடுங்கழி. சங்கப்பாட்டு கொஞ்சம் படித்தவருக்கு அது உப்பங்கழி. சுறாவும் தாழையும்தான் நினைவுக்கு வரும். சரி, கம்பு? கம்பு என்றாலே சிலம்பம், நெற்றி உயரம், சுழற்று. இதைச் சுழற்ற முடியாது ஐயா. வடசீனத்துத் தா கான் மூன்று மீட்டர் அளவில் இருக்கும், தெற்கே விங் சுன் என்கிற சண்டைக்கலை ஆட்கள் பிடிப்பது 8, 9 அடி. இரண்டு கையும் தடித்த அடிப்பக்கத்தில் இருக்க, மற்றதெல்லாம் முன்னால் நீண்டு தொங்கப் பார்க்கும், பாரம் முழுக்க மணிக்கட்டில் வந்து உட்காரும். அடி பருத்து நுனி மெலிந்திருப்பதால் கான்டனீஸில் எலிவால் என்றே சொல்கிறார்கள். ஒரு முனையைப் பிடித்து மறுமுனையில் வேலை வாங்குகிற பொருளுக்கு நம்மிடம் பெயர் இல்லையா என்ன? தூண்டிற்கோல், ஓடக்கோல். விங் சுன் கோல் வந்த வழியே தென்சீனத்து முத்தாற்றில் கூத்துக் குழுக்கள் போய்வந்த செம்படகுகளின் ஓடக்கோல்தான் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. கதை எப்படியோ போகட்டும், நெடுங்கோல் என்பது பொருந்துகிறது.

அடுத்தது ‘அதிர்வு’. இதில்தான் எனக்கு உண்மையான சண்டை. சீனத்தில் இந்தப் பயிற்சியைத் தோ கான் என்கிறார்கள், கான் என்றால் கோல், தோ என்பது ஆள் செய்கிற வேலை. அதிர்வு தானாக நடப்பது. மேளம் அதிரும், பாலம் அதிரும். சிங்கப்பூரில் என் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு பெரியவரிடம் கொஞ்ச காலம் இதைக் கற்றேன் (கோல் மின்தூக்கியில் நுழையாது, ஏழு மாடியும் படிதான், துணி காயப்போடும் மூங்கில் என்று நினைத்து எதிர்வீட்டு அம்மா எங்கே வாங்கினாய் என்று கேட்டார்). முதல் நாள் என் தோள், முழங்கை, பல் எல்லாம் ஆடியது, கோலின் நுனி மட்டும் சோம்பலாகத் தலையாட்டியது. பெரியவர் கோலை வாங்கினார். குதிரை நிலையில் தாழ உட்கார்ந்தார், கை அசைந்ததாகவே தெரியவில்லை, இடுப்பு ஒரு சின்ன வெட்டு வெட்டியது, ஒரு நொடி கழித்து நுனியில் ‘விர்’ரென்று ஓர் ஓசை. அம்மா ஈரப்புடவையை உதறும்போது கடைசி முனையில்தானே ‘பட்’டென்று கேட்கும், அதே கணக்கு. அந்த வேலைக்கு உதறு என்பதைவிட நல்ல வினை தமிழில் இல்லை. வெண்மெழுகு மரம் என்று சீனர் சொல்கிற ஒருவகை ஆஷ் மரம் (மெழுகுப்பூச்சி வளர்க்கிற மரம், அதனால் அந்தப் பெயர்) நன்றாகத் துவளும், அதனால் உடம்பில் எங்கே பிசகினாலும் நுனி காட்டிக்கொடுத்துவிடும்.

‘உதறல் எடுத்தது’ என்றால் பயந்துவிட்டான் என்று அர்த்தமாச்சே, சிரிப்பார்களே என்பார்கள். நியாயம்தான், தனியாக உதறல் என்று போட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். கோலோடு சேர்த்துக் கோலுதறல் என்றால் அந்தப் பொருள் ஒட்டாது. வகுப்பில் ‘நூறு தண்டால் போடு’ என்கிற மாதிரி ‘நூறு உதறு போடு’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் உட்காருகிறது. ‘நூறு அதிர்வு போடு’ என்று எவராவது சொல்வாரா?

இதற்கிடையில் பெயருக்கும் பொருளுக்கும் இம்மி பிசகாத பொருத்தம் வேண்டும் என்று ஒருவர் கறாராக எழுதியிருந்தார். 16ஆம் நூற்றாண்டில் சீனத்து மிங் அரசமரபின் படைத்தலைவர் யூ தாயோ எழுதிய நூலின் பெயர் ‘வாள் நூல்’, உள்ளே இருப்பது பெரும்பாலும் கோல்! கோல் பழகுவது கன்ஃபூசிய மரபின் அடிப்படையான ‘நான்கு நூல்களை’ப் படிப்பது போல, அது தெளிந்தால் மற்ற ஆயுதங்களும் விளங்கும் என்கிறார் அதில். சீனரே அப்படி இருக்கும்போது நாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

அப்புறம் விங் சுன் கோல் வரிசையான ‘லுக் டிம் பூன் குவான்’. பட்டியலில் ‘ஆறு மற்றும் அரைப் புள்ளிக் கோல்’ என்று போட்டிருக்கிறீர்கள். பேருந்து ஆறு மற்றும் அரை மணிக்கா வருகிறது? ஆறரைப்புள்ளிக் கோல், அவ்வளவுதான். அந்த அரை எது என்பதற்குப் பள்ளிக்குப் பள்ளி ஒரு விளக்கம் உண்டு, அதை அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் ஏற்றுகிறவர் ‘கோலுதறு’ என்று வினையாகவும் ஒரு பதிவு போட்டுவிடுங்கள், பெயர்ச்சொல் மட்டும் போதாது.