மாதிரி ஐரோப்பிய நாடாளுமன்றம்: பேரம் பேசிய அனுபவங்கள்

மாடல் யு.என். (மாணவர்கள் ஐ.நா. சபை நாடுகளாக நடித்துப் பேசும் பயிற்சி) பண்ணியவர்கள், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களாக நடிக்கும் இதுவும் அதே ஆட்டம்தான் என்று நினைத்து வந்துவிடாதீர்கள். அங்கே நீங்கள் ஒரு நாடு. அந்த நாட்டின் நிலைப்பாட்டைப் படித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் யாரும் நாட்டுவாரியாக உட்காருவதில்லை, அரசியல் அணிவாரியாகத்தான் உட்காருகிறார்கள். எனக்கு வந்தது ரினியூ என்கிற தாராளவாத அணியில் அயர்லாந்து உறுப்பினர் வேடம். அணி சுற்றுச்சூழல் பக்கம் சாயச் சொல்லும், தொகுதி விவசாயி விடமாட்டார். நிஜ ரினியூ அணியே இந்த மாதிரி விஷயங்களில் இரண்டாகப் பிளந்து வாக்களித்திருக்கிறது. அதனால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எங்களைத்தான் தேடி வந்தார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட வரைவுகளைத் தயாரிக்கும் ஐரோப்பிய ஆணையம் 2022 ஜூனில் முன்வைத்த பூச்சிக்கொல்லிச் சட்ட வரைவு. ரசாயனப் பூச்சிக்கொல்லிகளின் பயன்பாட்டையும் ஆபத்தையும் 2030க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும், அதிக ஆபத்தான ரகங்களுக்குத் தனியாக இன்னொரு 50 சதவீத இலக்கு, பூங்கா, விளையாட்டு மைதானம், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் தடை. நிஜ நாடாளுமன்றத்தில் இது 2023 நவம்பர் 22 அன்று தோற்றுப்போனது. ஆதரவு 207, எதிர்ப்பு 299, நடுநிலை 121. திருத்தத்துக்கு மேல் திருத்தம் விழுந்து வரைவு நீர்த்துப்போய், போதிய ஆள் பின்னால் நிற்காத நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆணையமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. "அவர்களால் முடியாததை நீங்கள் முடித்துக் காட்டுங்கள்" என்று பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மன்றப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு நிமிடம். பேசுபவரை மடக்கிக் கேள்வி கேட்க நீல அட்டையைத் தூக்கலாம், அது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பேச்சைக் கேட்டு ஒருவர் மனம் மாறியதாக நான் பார்க்கவில்லை. வேலை நடந்ததெல்லாம் குழு அறையிலும் அதற்கு வெளியே இருந்த மாடிப்படியிலும்தான்.

வரைவுக்கு அறிக்கையாளர், அதாவது சட்டத்தைக் குழுவில் நடத்திச் செல்பவர், பசுமை அணியில் இருந்த ஒரு ஃபின்லாந்து மாணவி. நான் என் அணியின் நிழல் அறிக்கையாளர், அதாவது அந்த வரைவுக்கு அணி சார்பில் பேரம் பேசுபவர். முதல் இடைவேளையிலேயே அந்த மாணவி மடிக்கணினியோடு வந்து படியில் உட்கார்ந்தார். எங்கள் அணி கொடுத்த திருத்தங்கள் திரையில் வரிசையாக இருந்தன. அவற்றைப் பற்றி வாதமே செய்யவில்லை. "இதில் எது இல்லாமல் நீ உன் அணிக்குத் திரும்பிப் போக முடியாது?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

என்னிடம் இருந்த பட்டியலில் எல்லாமே 'மிக முக்கியம்' என்றுதான் இருந்தது. அணிக் கூட்டத்தில் யாருக்கும் யாரையும் பகைத்துக்கொள்ள மனம் இல்லாததால் எல்லோருடைய கோரிக்கையையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். திரும்பப் போய் அதே கேள்வியை அணியிடம் கேட்டதும் ஒரே சண்டை. எதிரணியோடு போட்ட சண்டையைவிட இது பெரியது. கடைசியில் இரண்டு தேறின: பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் விழும் விவசாய நிலத்துக்கு விலக்கு, பொதுவான இலக்குக்கு 2035 வரை அவகாசம்.

அந்த அறிக்கையாளருக்கு வேண்டியதும் அப்புறம்தான் தெரிந்தது. ஆபத்தான ரகங்களுக்கு 2030 என்பதில் ஒரு வருடம்கூட விட்டுத்தர மாட்டார், குழந்தைகள் விளையாடும் இடங்களில் தடை அப்படியே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பேசலாம். சரி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேருக்கு நேர் மோதும் வரி ஒன்றே ஒன்றுதான், விவசாய நிலம். அதற்கும் மாற்று வழி இல்லாத பயிர்களுக்கு மட்டும் விலக்கு என்று முடித்தோம்.

சமரசம் எழுதிவிட்டால் முடிந்தது என்று இருந்த எங்களை வாக்கெடுப்பு வரிசை உலுக்கிவிட்டது. மூல வரைவிலிருந்து அதிகம் விலகும் திருத்தம்தான் முதலில் வாக்குக்கு வரும். அது ஜெயித்தால், அதோடு முரண்படும் மற்ற திருத்தங்கள் வாக்கெடுப்பே இல்லாமல் விழுந்துவிடும். வலதுசாரி அணி ஒன்று இலக்குகளையே வெட்டி எறியும் திருத்தத்தைக் கொடுத்திருந்தது. என் அணியில் சிலருக்கு அது தேன் மாதிரி இனித்தது. அவர்களிடம் போய் "இதற்குக் கை தூக்கினால் நாம் வாங்கிய விலக்கும் போய்விடும்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டுத் திருத்தம் இரண்டு வாக்கில் தோற்றது. அப்புறம் எங்களுடையது நிறைவேறியது. பசுமை அணியில் பாதிப் பேர் அன்று மாலை வரை அந்த ஃபின்லாந்து மாணவியோடு பேசவில்லை.

*

மேலே எழுதியவர் நாடாளுமன்றத்தில் இருந்தார். நான் அந்தப் பக்கம் இருந்தேன், சட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய இன்னொரு அவையான, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் உட்காரும் கவுன்சிலில். பலர் நாடாளுமன்ற இடத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கணக்குப் பிடித்தவர்கள் கவுன்சில் கேளுங்கள்.

அங்கே ஒரு சட்டம் ஜெயிக்க இரண்டு பூட்டு திறக்க வேண்டும். 27 நாடுகளில் 55 சதவீதம், அதாவது 15 நாடுகள். அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதம் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96 இடம், மால்டாவுக்கு 6. கவுன்சிலில் முதல் பூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் மால்டா.

முதல் நாள் முழுக்க என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரான்சும் ஜெர்மனியும் இத்தாலியும் ஒரு மேசையில் கூடிப் பேசி, இன்னும் சில நாடுகளையும் சேர்த்துக்கொண்டு மக்கள்தொகைப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். அப்புறம் எண்ணிப் பார்த்தால் கையில் 14 நாடுகள். தேநீர் இடைவேளையில் ஜெர்மனி அமைச்சர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து "உங்கள் தீவுக்கு ஏதாவது வேண்டுமா?" என்றார். சிறு பண்ணைகள் வருடா வருடம் தர வேண்டிய அறிக்கையை எளிமையாக்க வேண்டும் என்றேன். காலையில் கேட்டிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அப்போது பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

தடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மக்கள்தொகையை மட்டும் வைத்து மூன்று பெரிய நாடுகள் முட்டுக்கட்டை போட முடியாது, குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும். அந்த நாலாவது ஆளாகப் போய் நிற்பதும் நல்ல வியாபாரம்தான்.

*

மேலே எழுதிய இரண்டு பேருமே உடன்பாட்டில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். மாணவர்களுக்கு மதிப்பெண் வேண்டும், சாயங்காலம் ரயில் பிடிக்க வேண்டும், எப்படியாவது ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிடுகிறார்கள். நிஜத்தில் 121 பேர் நடுநிலை வகித்தார்களே, வகுப்பறையில் அந்த மாதிரி நடக்குமா? நடுநிலை வகித்தால் ஈடுபாடு இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மதிய உணவுக்குப் பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூடிய உறை. உள்ளே தொகுதியிலிருந்து வந்த கடிதம். எனக்கு வந்த கடிதத்தில் தேனீ வளர்ப்பவர்கள் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவருக்கு ஆப்பிள் தோட்டக்காரர்கள், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று. காலையில் கைகுலுக்கி முடித்த சமரசம் மூன்று மணிக்குள் கலைந்துவிட்டது. எங்கள் சட்டம் தோற்றது. நியாயமாகவே தோற்றது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: அந்த வெட்டுத் திருத்தம் கொண்டுவந்த அணிக்கு உங்கள் பேராசிரியர் மதிப்பெண் எப்படிப் போட்டார்? எங்கள் வகுப்பில் பெரிய சண்டையே அதில்தான் வந்தது.