நண்டு செய்த வேலைக்கு ஆளைப் பழி சொல்லிவிட்டேன். இனிக் கூட்டத்தை எப்படி நடத்துவது?

கடைவாய்க்கால்காரன் (முல்லைத்தீவு) கேட்டது:

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு நடுத்தரக் குளத்தின் கீழ் எனக்கு இரண்டரை ஏக்கர் வயல். போன ஆவணியில், குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள் சேர்ந்த எங்கள் கமக்கார அமைப்புக்கு என்னைத் தலைவராக்கினார்கள். வயது 37. "படிச்ச பொடியன், கந்தோருக்குக் கடிதம் எழுதுவான்" என்பதுதான் தகுதி. முன்பிருந்த ஐயா திறப்பையும் கொப்பிகளையும் தந்துவிட்டு, "தம்பி, இனி உனக்கு நித்திரை இல்லை" என்று சிரித்தார். பகிடி என்று நினைத்தேன்.

தை மாதக் கடைசியில் மழை நின்றுவிட்டது. நெல் குடலைப் பருவம், கதிர் வெளிவர முந்திய நேரம். முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். மூன்றாம் வாய்க்காலுக்கு இரண்டு நாள். இரண்டாம் நாள் விடிந்தபோது கடைசி நாலு வயலுக்கும் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. இரவில் யாரோ வாய்க்காலை வெட்டிவிட்டார்கள் என்று கதை. ஆளின் பெயரும் வந்தது. அதை முதலில் சொன்னவர் என் மாமா, மனைவியின் தகப்பன்.

அன்று பின்னேரக் கூட்டத்தில், நாற்பது பேருக்கு முன்னால், அந்த அண்ணையின் பெயரைச் சொல்லி, "இன்னொருக்கா வெட்டினால் கமநல சேவை நிலையத்துக்கு எழுதுவேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். எனக்கு அப்போது பெருமைகூட வந்தது, தலைவர் மாதிரிக் கதைத்துவிட்டேன் என்று.

மூன்று நாள் கழித்து வாய்க்கால் கரையில் நடந்தபோது கால் கணுக்கால் வரை புதைந்தது. நண்டு வளை. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. மறுபக்கம் பற்றைக்குள்ளால் தண்ணீர் சத்தமில்லாமல் கழிவு வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மண்வெட்டி பட்ட அடையாளமே இல்லை.

வளையை அடைத்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. அறுவடையும் முடிந்து இப்போது பங்குனி. சிறுபோகக் கூட்டம், அதாவது கோடைப் பயிருக்கான கூட்டம், வரப்போகிறது. குளத்தில் பாதிதான் நிற்கிறது, ஆளுக்கு எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த அண்ணை வருவாரோ தெரியாது. வந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து எப்படிக் கதைப்பது? எல்லோரும் சத்தம் போடும்போது எது சரி என்று யோசிக்கவே முடிவதில்லை. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கள்.

பழைய மேற்பார்வை (கிளிநொச்சி) எழுதியது:

தம்பி, நான் 31 வருடம் குளங்களில் வேலை மேற்பார்வையாளராக இருந்து இளைப்பாறினவன். நண்டு, எலி, உடும்பு மூன்றும் எனக்குத் தந்த தலையிடியை மனிதர்கள் தரவில்லை.

முதலில் "பாதிக் குளம்" என்ற கதையை விடுங்கள். நீங்கள் பார்ப்பது அளவுகோலில் அடி. 20 அடிக் குளத்தில் 10 அடி நின்றால் தண்ணீர் பாதி என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் குளங்கள் தாம்பாளம் மாதிரிச் சரிந்தவை. ஆழம் பாதியானால் தண்ணீர் காற்பங்குக்கும் கீழே போகலாம். எத்தனை அடிக்கு எத்தனை ஏக்கர் அடி என்ற அட்டவணை ஒவ்வொரு குளத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருக்கும். போய்க் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். அதில் மீனுக்கும் மாட்டுக்கும் விடுவதைக் கழியுங்கள். வெயிலில் ஆவியாவதையும் கழியுங்கள். ஏக்கர் அடி என்றால் ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் இழப்போடு ஏக்கருக்கு நாலைந்து ஏக்கர் அடி என்று வைத்தே நாங்கள் கணக்குப் பார்த்தோம். மிச்சத்தை அதால் பிரித்தால் எத்தனை ஏக்கர் என்று வந்துவிடும். மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மேட்டுக்காணிக்கு உழுந்தோ கௌபியோ என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கூட்டத்தில் இந்தத் தாளை முதலே வாசித்துவிட்டால் பாதிச் சத்தம் அடங்கும். இலக்கத்தோடு சண்டை பிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது, நடை. நான் எப்போதும் கடைசி வயலில் இருந்து துருசை, குளத்தில் தண்ணீர் திறக்கும் மதகை, நோக்கி நடப்பேன். துருசில் இருந்து நடந்தால் தண்ணீர் நிறைய ஓடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நிறைந்து, பாதி வழியில் யாராவது வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். கடைசியில் தொடங்கினால் வெடித்த வயல்தான் முதலில் கண்ணில் படும். தண்ணீர் எந்த இடத்தில் காணாமல் போனது என்று தேடிக்கொண்டே மேலே வர வேண்டியிருக்கும். அன்று நீங்கள் இப்படி நடந்திருந்தால் நண்டை அன்றே பிடித்திருப்பீர்கள்.

மூன்றாவது, ஒரு கொப்பி. நடுவில் கோடு. ஒரு பக்கம் "கண்டது", மறுபக்கம் "கேட்டது". யார் என்ன சொன்னார் என்று பெயரோடு எழுதுங்கள். "கேட்டது" பக்கத்தில் இருப்பதை வைத்து யாரையும் ஏசக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981 இல் அம்பாறை கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் குளம் மிகவும் இறங்கியிருந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அந்த ஊர்களில் கொண்டுபோய் இருத்தின. அவர்கள் சங்கம், அதற்கு யாப்பு விதிகள் என்று தொடங்கவில்லை. முதலில் வாய்க்காலுக்கு வாய்க்கால் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து துப்புரவாக்கினார்கள், முறை வைத்தார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். பிரதிநிதியை வாக்கெடுக்காமல் எல்லோரும் சம்மதித்து எடுத்தார்கள். மேலே சிங்கள ஆக்கள், கடைசியில் தமிழ் ஆக்களும் இருந்தார்கள். தண்ணீர் கடைசிவரை போனது. எங்கள் திணைக்களத்தில் அதை நம்பாதவர்கள் பலர். நானும் அதில் ஒருவன்.

மாதர் சங்க அக்கா (நெடுங்கேணி) எழுதியது:

ஐயா சொன்ன கணக்கும் நடையும் சரி. கொப்பிக்கு நான் சம்மதமில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு எங்கள் ஆக்களின் பெயரை எத்தனை பேர் எத்தனை தரம் பதிந்தார்கள் என்று ஐயாவுக்கும் தெரியும். முகாமில் பதிந்தார்கள், மீளக் குடியேறியபோது பதிந்தார்கள், வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தார்கள், பிறகு வேறு ஆக்கள் வந்து எதற்கென்று சொல்லாமலே பதிந்தார்கள். கொப்பியோடு வரப்பில் நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் வாய்க்கால் இலக்கமும் திகதியும் போதும்.

தம்பி, நீ நாற்பது பேர் முன்னால் சொன்னாய். நாற்பது பேர் முன்னாலேயே திருப்பிச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல்முறையாகக் கூட்டத்தில் சொல்லாதே, அவருக்கு அது இன்னொரு வெட்கம். முதலில் வீட்டுக்குப் போ. தனியாகப் போ. "ஆக்கள் சொன்னதால்தான்..." என்று இழுக்காதே. அவருடைய மனிசி நிற்கும்போது சொல். அன்று அவர் வீட்டுக்குப் போய் இதை அவளுக்கு எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாயா? சமாதானத்துக்கு அரிசி, தேங்காய் என்று ஒன்றும் காவிக்கொண்டு போகாதே.

துணுக்காய் பொடியன் எழுதியது:

எல்லோரும் நண்டைப் பற்றியே கதைக்கிறீர்கள். மாமாவின் வயல் எந்த இடத்தில்?

கடைவாய்க்கால்காரன் எழுதியது:

துணுக்காய் தம்பி, அதே மூன்றாம் வாய்க்காலில், தலைமாட்டில், தண்ணீர் முதலில் பாயும் இடத்தில். உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. அந்த இரவு அவருடைய வயலில் தண்ணீர் நிறைய நின்றது. அவர் வெட்டவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் வேறு ஒருவரின் பெயர் வந்ததும் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. மாமாவின் மடையைப் போய்ப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போனது.

ஞாயிறு காலை அந்த அண்ணையின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சொன்னபடி சொன்னேன். அவர் ஆப்பு அடிப்பதை நிறுத்தவில்லை. மனிசிதான் கேட்டா: "நண்டு வளையை எப்ப கண்டனீர்?" மூன்று நாளில் என்றேன். "அப்ப ஒன்றரை மாதம் இவர் சந்திப் பக்கம் போகாமல் கிடந்தது சும்மாவா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தேன்.

வெளிக்கிடும்போதுதான் அண்ணை வாய் திறந்தார். எதால் அடைத்தாய் என்றார். பக்கத்து மண்ணால் என்றேன். "அது ஒரு தண்ணிக்கு நிற்காது. வளை முடியும் இடம் வரை வெட்டித் திறந்து, புற்றுமண்ணை நனைத்துப் பிடி பிடியாகப் போட்டு மிதிக்க வேணும்." அவ்வளவுதான். கூட்டத்துக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அட்டவணை எடுத்தாயிற்று. ஐயா சொன்னது உண்மை, பாதிக்கு எவ்வளவோ கீழே. ஆளுக்கு அரை ஏக்கர் விதைத்தாலே பெரிய காரியம். இந்தப் போகம் மூன்றாம் வாய்க்காலில் முதல் தண்ணீர் முறை கடைசி வயல்களுக்கு என்று கூட்டத்தில் கேட்கப்போகிறேன். மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை, வீட்டில் சோறும் சத்தத்தோடுதான் வந்து விழுகிறது.

புதன்கிழமை புற்றுமண் ஏற்றுகிறோம். லாண்ட்மாஸ்டர் என்ற கைஉழவு இயந்திரம் அண்ணையுடையது, அதில் பூட்டும் பெட்டி என்னுடையது.