ஆர்மோனியக்காரரிடம் கற்ற இயக்கம்

நாடகப் பயிற்சி கொடுக்கப் போன இடங்களில் நேர்ந்தவற்றைப் பலரும் இங்கே எழுதி வருகிறீர்கள். நான் யாருக்கும் பயிற்சி கொடுக்காத ஓர் இரவைப் பற்றி எழுதுகிறேன். இன்று நான் செய்துவரும் வேலையில் பெரும்பகுதி அந்த இரவில் கற்றதுதான்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நாடகப் பட்டறை ஒன்றை முடித்த கையோடு, நெறியாளர் இல்லாமல் நாடகமே இல்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்த நாட்களில், மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் திருவிழாவுக்கு நடந்த ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்கப் போனேன். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடிப்பார்கள். இது எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ள, அனுமதி கேட்டு, ஆர்மோனியக்காரருக்குப் பின்னால் படுதாவை ஒட்டி உட்கார்ந்தேன்.

அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருக்கும். ஒப்பனை போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் போய், எத்தனை கட்டைச் சுருதியில் பாடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நள்ளிரவு தாண்டி வேலனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம், அதாவது பாட்டும் பேச்சுமான வாதம், நடந்தபோது, வேலன் வேடக்காரர் எதிர்பாராத கேள்வி ஒன்றைப் போட, வள்ளியாக நடித்த இளம்பெண் பதில் வராமல் நின்றுவிட்டார். ஆர்மோனியக்காரரின் வலது கை நிற்கவில்லை. அதே சுரத்தை நீட்டிப் பிடித்தபடி மிருதங்கக்காரரை ஒருமுறை பார்த்தார். மிருதங்கக்காரர் தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானம் ஒன்றைச் சின்னதாக வைத்தார். அந்த இடைவெளியில் ஆர்மோனியக்காரர் அந்தப் பெண்ணின் பக்கம் முகத்தைத் திருப்பி, அடுத்த பாட்டின் முதல் சொல்லை மட்டும் முணுமுணுத்தார். அந்தப் பெண் அதைப் பற்றிக்கொண்டு பாடினார். பாட்டு முடியும்போது வேலனுக்கு உரிய பதிலும் வந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. நடந்தது இன்னதென்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

விடிந்ததும் டீக்கடையில் ஆர்மோனியக்காரரிடம், “நீங்கதானய்யா இந்த நாடகத்துக்கு இயக்குநர்?” என்று கேட்டேன். “அதெல்லாம் இல்ல தம்பி. பாடம் அந்தப் புள்ளகிட்டதான் இருக்கு. பயத்துல கொஞ்சம் உள்ள போயிருச்சு, நான் எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்” என்றார்.

பாடம் என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. நாடகத்தில் நடிகர் மனத்தில் வைத்திருக்க வேண்டியதற்கு நம் பகுதியில் பாடம் என்றுதான் பெயர், சொல்லிக்கொடுப்பவர் வாத்தியார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் கற்பித்து மேடையேற்றியபோது, கற்பிப்பதும் இயக்குவதும் ஒரே ஆளின் ஒரே வேலையாகத்தான் இருந்தன. இப்படிச் சிறுவர்களைக் கொண்டு நடந்த பாய்ஸ் கம்பெனிகளின் கண்டிப்பை நான் போற்றவில்லை. ஆனால், மேடை கிடைக்காதவர்தான் பிழைப்புக்காகப் பள்ளிகளில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறார் என்று இன்று பரவலாகப் பேசப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022இல் கலைத் திருவிழா தொடங்கியபின், உசிலம்பட்டி வட்டாரத்துப் பள்ளி ஒன்றுக்கு நாடகம் பழக்கப் போனேன். வசனம் மறந்தால் நான் ஓரத்திலிருந்து கத்தவில்லை. எல்லோருடைய பாடமும் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தப்புப் பறை அடிப்பவன் அருகில் உட்காரவைத்து, யாராவது திணறினால் முதல் சொல்லை மட்டும் பாட்டாக எடுத்துக்கொடு, இரண்டாவது சொல்லைச் சொல்லிவிடாதே என்றேன். மூன்றாம் நாளில், அவள் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் தாமாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

*

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் தொடாத கூலி விஷயத்தை நான் சொல்கிறேன். பெண்களைக் கொண்டு தெருவில் நாடகம் போடுகிறேன்; அதற்கான செலவு, பள்ளிகளில் கற்பித்துக் கிடைக்கும் பணத்திலிருந்துதான் வருகிறது. தனியார் பள்ளி ஒன்று, ஆண்டு விழாவுக்குப் பத்தே நாளில் அறுபது பிள்ளைகளை மேடையேற்றச் சொன்னது, ஏற்றினேன். பேசிய தொகைக்காக ஐந்து மாதம் அலைந்தேன்.

அந்த நாட்களில், என்னிடம் பயின்ற ஒரு பெண்ணின் தாயார், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாலை கட்டுபவர், மகளை நாடகம் படிக்க வைக்கலாமா என்று கேட்டு வந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருப்பதையும், பட்டம் முடித்துவிட்டு அங்கே முதுகலை படிக்கலாம் என்பதையும் சொன்னேன். “மாசச் சம்பளம் வருமா டீச்சர்?” என்றார். பெரும்பாலும் வராது, வேலைக்கு வேலை பேசி வாங்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லி, என் ஐந்து மாத அலைச்சலையும் சொன்னேன். “கல்யாண மாலைக்கே பாதிக் காச வாங்காம நாங்க நார எடுக்க மாட்டோமே டீச்சர்” என்றார், உண்மையான வருத்தத்தோடு.

இப்போது எந்தப் பள்ளியானாலும் எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், பயணச் செலவு யாருடையது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கி, பாதித் தொகையையும் பெற்றுக்கொண்ட பிறகுதான் முதல் வகுப்புக்குள் நுழைகிறேன். அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமைகளில் என்னோடு வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு எடுத்துக்கொடுக்கிறாள்.