மொட்டை மாடி ஒழுகல்: நம்பகமான மேஸ்திரி யாராவது தெரியுமா?

வணக்கம். வீடு சென்னை மடிப்பாக்கத்தில், 1998-இல் கட்டியது. மாடி சுமார் 900 சதுர அடி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்த பழைய தளம். போன நவம்பர் மழையில் ஹால் சீலிங் ஊறி, காரை பெயர்ந்து சோபா மேலேயே விழுந்தது. (நல்லவேளை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.)

கோடையில் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, விரிசலை அடைக்காமலே வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார். இப்போது போனை எடுப்பதில்லை. அவசரப்பட்டது எங்கள் தப்புதான்.

அப்புறம் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் ஒருவர். அதன் மேலேயே கெமிக்கல் பூசி கூல் டைல்ஸ் (வெயில் சூட்டைக் குறைக்கிற டைல்ஸ்) ஒட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் அளவே எடுக்கவில்லை, ரேட் மட்டும் சொன்னார். பழைய தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டியவர்கள் இருந்தால், இரண்டு மழைக்காலமாவது தாங்கியதா என்று சொல்லுங்கள்.

மழைநீர்க் குழாய்ப் பக்கம் வாட்டம் (சரிவு) சரியாகக் கொடுத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திக் காட்டிவிட்டு மீதிப் பணம் வாங்குகிற மேஸ்திரி வேண்டும். மெட்டீரியல் நாங்களே வாங்கித் தருகிறோம், கூலி தனி. அக்டோபர் நடுவில் மழை பிடித்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள்.