ஆவணக் காப்பகத்தில் 'என்.டி.' என்று சீட்டு திரும்பினால் கோப்பு அழிந்துவிட்டதா?

ராம்நாடுகாரன்:
வணக்கம். எங்கள் தாத்தா 1942-ல் ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். அப்படி வந்தவர்கள் பற்றிய அரசுக் கோப்புகளைத் தேடி டெல்லி ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். வெளிநாட்டில் இருந்த இந்தியர்களைக் கவனித்த அந்தக் காலத்து 'இந்தியன்ஸ் ஓவர்சீஸ்' துறையின் அட்டவணையைப் பார்த்து, வேண்டிய கோப்புகளைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சில கோப்புகள் கைக்கு வந்தன. ஒரு சீட்டு 'என்.டி.' என்றும், இன்னொன்று 'பிரிட்டில்' என்றும் திரும்பி வந்தது. அட்டவணையில் இருப்பது அலமாரியில் ஏன் இல்லை? எரித்துவிட்டார்களா?

செக்‌ஷன் ஆபீசர் (ஓய்வு):
தம்பி, என்.டி. என்றால் 'நாட் டிரான்ஸ்ஃபர்டு'. துறை அந்தக் கோப்பைக் காப்பகத்துக்கு அனுப்பவே இல்லை என்று அர்த்தம். அட்டவணையை அந்தந்தத் துறையே தயாரித்தது; கோப்புகள் பல வருடம் கழித்துத்தான் காப்பகத்துக்குப் போகும். அதனால் பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கும்.

நான் டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் ரெக்கார்டு ரூம் பொறுப்பும் பார்த்தவன். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று காப்பகம்தான் முடிவு செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி முடிவு அதற்கு வெகுமுன்பே, செக்‌ஷனில் கோப்பை மூடும் நாளிலேயே ஆகிவிடும். அட்டையின் மேல் ஓர் எழுத்து போடுவோம். 'ஏ' என்றால் நிரந்தரம், மைக்ரோஃபிலிமும் (சிறிய படச்சுருள் நகல்) எடுக்க வேண்டும். 'பி' நிரந்தரம், ஃபிலிம் வேண்டாம். 'சி' என்றால் அதிகபட்சம் 10 வருடம்; எத்தனை வருடம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். லீவு, பயணப்படி பில் எல்லாம் 'சி'தான். ஆனால் ஒரு கொள்கை முடிவுக்கு வித்திட்ட கோப்புக்கும் அவசரத்தில் 'சி-5' போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். அதிகாரிகள் தங்கள் கருத்தை எழுதும் நோட் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் அந்த எழுத்தைப் போடாதே என்று எனக்குக் கீழே வந்த ஒவ்வோர் உதவியாளரிடமும் சொல்லியிருக்கிறேன். எந்த முடிவு யாருடைய ஆட்சேபத்தை மீறி எடுக்கப்பட்டது என்பது அங்கேதான் இருக்கும், வெளியே போன கடிதத்தில் இருக்காது.

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. 1993-ன் பொது ஆவணச் சட்டப்படி மத்திய அரசின் ஒவ்வோர் அலுவலகமும் ஒரு ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும். 25 வருடம் தாண்டிய கோப்புகளைக் காப்பகத்தாருடன் சேர்ந்து பரிசீலிக்க வேண்டும். விதியை மீறி அழித்தால் 5 வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1892-க்கு முந்தைய ஆவணம் எதையும், இனி எதற்கும் பயன்படாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று காப்பகத் தலைமை இயக்குநர் கருதினால் தவிர, அழிக்கவே கூடாது. இவ்வளவும் இருந்தும், பரிசீலனைக்கு ஆளை ஒதுக்காவிட்டால் மூட்டை மூட்டையாகத்தான் கிடக்கும்.

அகிலா:
நான் காகிதப் பராமரிப்பு வேலை செய்கிறேன், 'பிரிட்டில்' பற்றி மட்டும் சொல்கிறேன். கோப்பு இருக்கிறது, புரட்டினால் உடையும் என்பதுதான் அதன் பொருள். காகிதத்தில் ஏறிய அமிலம் மடிப்பில் கீறல் விடும். குண்டூசி துருப்பிடித்த இடத்தில் ஓட்டை விழும். முதலில் பக்க எண்ணைச் சரிபார்ப்போம், பிறகுதான் ஊசியை எடுத்துத் தாளைப் பிரிப்போம். அமிலம் நீக்கிய தாளின் இரு பக்கமும் செல்லுலோஸ் அசிடேட் படலம், அதன்மேல் மெல்லிய டிஷ்யூ. அசிட்டோனில் நனைத்த பஞ்சை நடுவிலிருந்து ஓரம் நோக்கி இழுத்தால் படலம் இளகி ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் வேண்டாம், சூடு வேண்டாம். இந்த முறை உருவானதே ஜன்பத் காப்பகத்தில்தான், எனக்கு அதில் பெருமை உண்டு. கை கொஞ்சம் தயங்கினால் அசிட்டோன் ஆவியாகிவிடும், சுருக்கம் விழுந்துவிடும். ஒரு தடித்த கோப்புக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தயவுசெய்து அசலைக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் அந்தக் கோப்பு ஏறியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ராம்நாடுகாரன்:
ரொம்ப நன்றி. அப்படியானால் என்.டி. கோப்பை விட்டுவிட வேண்டியதுதானா?

செக்‌ஷன் ஆபீசர் (ஓய்வு):
விடாதீர்கள். அந்த 'இந்தியன்ஸ் ஓவர்சீஸ்' துறை பிறகு காமன்வெல்த் உறவுத் துறையாகி, கடைசியில் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தது. அட்டவணையில் உள்ள கோப்பு எண்ணை அப்படியே போட்டு அங்கே ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு கொடுங்கள். 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு என்பதால் அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவையும் குறிப்பிடுங்கள். மறுக்க அவர்களுக்குள்ள காரணங்கள் வெகுவாகக் குறையும்.

அப்புறம், டெல்லி எழுதிய கடிதம் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும் அல்லவா? வந்தவர்களை இங்கே கவனித்தது மெட்ராஸ் அரசு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1942, 1943-ம் வருடங்களின் பொதுத் துறை (பப்ளிக் டிபார்ட்மென்ட்) ஜி.ஓ., அதாவது அரசாணை, அட்டவணையைக் கேளுங்கள். டெல்லியில் இல்லாத கடிதத்தின் மறுமுனை அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. தாத்தா எந்தத் துறைமுகத்தில், அல்லது எந்த ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போனால் தேடல் பாதியாகக் குறையும்.