டக்ளஸ் படித்தவர்களே, எந்த இடம் உங்களை இன்னும் விடவில்லை?

மார்கழிப்பனி:
அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, எழுத்தாளரான ஃபிரெடரிக் டக்ளஸின் 1845 சுயசரிதை எம்.ஏ.வில் எங்களுக்குப் பாடம். கதை எல்லோருக்கும் தெரியும், நேராக ஐந்தாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். சின்னப் பையன், முட்டி வரை தொங்கும் ஒரு சட்டை மட்டும், படுக்கை கிடையாது. சோளம் கொண்டுபோகும் சாக்கைத் திருடி அதற்குள் தலையை விட்டு, காலை வெளியே நீட்டி, ஈர மண்தரையில் தூங்குவான். பனியில் கால் வெடித்துப் பிளந்ததைச் சொல்லும்போது, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பேனாவை அந்த வெடிப்பில் கிடத்தலாம் என்கிறார்.

தேர்வில் 'டக்ளஸின் உருவகங்கள்' கேட்டிருந்தார்கள். இதை இரண்டாவதாகப் போட்டு நல்லபடி எழுதிவிட்டு வந்தேன். அன்று இரவு அம்மா திண்ணையில் உட்கார்ந்து பித்த வெடிப்புக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அந்தப் பிளவுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பேனா பெரியது. வெடிப்பில் பாதிக்கூட நுழையாது. அவர் உருவகம் சொல்லவில்லை, அளவு சொல்லியிருக்கிறார். "என்னடா பண்ற?" என்றார் அம்மா. ஒன்றுமில்லை என்றேன்.

இரவல்புத்தகம்:
அளவுதான், சரி. அதனால் உருவகம் இல்லாமல் போய்விடுமா? வெடிப்பு எழுத்தே தெரியாத பையனுடையது, பேனா அதே ஆள் வளர்ந்து பிடித்திருப்பது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டவைத்தது தற்செயல் இல்லை. நீங்கள் தேர்வில் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது.

என்னுடையது வாய்மொழித் தேர்வில் நடந்தது. நூலின் முடிவு பலவீனமானது என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பேர்போன கோவியோடு போட்ட சண்டையை அவ்வளவு விரிவாக எழுதியவர், 1838 செப்டம்பர் 3 அன்று தப்பித்ததை மட்டும் எப்படி என்றே சொல்லாமல் தாண்டிப் போகிறாரே என்பது என் குறை. தேர்வாளர் நிமிர்ந்து, "இந்தப் புத்தகம் வெளிவந்தபோது அமெரிக்காவில் அடிமைமுறை இருந்ததா, இல்லையா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "அப்புறம்?" என்றார். அவ்வளவுதான், வேர்த்துவிட்டது.

வழியைச் சொன்னால் அடுத்து ஓடுகிறவர் மாட்டிக்கொள்வார். டக்ளஸே அந்த அத்தியாயத்தில் காரணத்தை எழுதியிருக்கிறார், நான் மேலோட்டமாகப் படித்திருக்கிறேன். கடலோடியின் உடையும் இரவல் வாங்கிய கடலோடிச் சான்றிதழுமாக ரயில் ஏறிய கதையை 1881இல்தான் விரிவாகச் சொன்னார். ரொட்டித் துண்டுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பையன்களின் பெயரையும் சொல்லவில்லை, அவர்களுக்குச் சங்கடம் வரும் என்று. ஆனால் அடித்தவர்கள், எஜமானர்கள் அத்தனை பேரும் பெயரோடு, ஊரோடு அச்சில் இருக்கிறார்கள். அதனால் பிடிபடும் அபாயம் கூடி, நூல் வெளிவந்த 1845இலேயே பிரிட்டனுக்குக் கப்பல் ஏற வேண்டியதாயிற்று.

நான்காம்மாடி:
கோவி சண்டைக்கு முன்னால் வரும் ஒரு வாக்கியம்: மனிதன் எப்படி அடிமையாக்கப்பட்டான் என்று பார்த்தீர்கள், அடிமை எப்படி மனிதனாக்கப்பட்டான் என்று பார்க்கப் போகிறீர்கள். இதைக் கரும்பலகையில் எழுதி நடுவில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார் எங்கள் ஆசிரியை. பத்து வருடம் ஆயிற்று. அந்தக் குறி மட்டும் நினைவிருக்கிறது, அந்த உத்தியின் பெயர் மறந்துவிட்டது.

சுண்ணாம்புத்தூள்:
நான் பாடம் நடத்துகிறவள். முதல் அத்தியாயத்தில் ஹெஸ்டர் அத்தையைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கும் பகுதியை வகுப்பில் உரக்கப் படிக்கவைத்து, புலன்சார் படிமங்களை அடிக்கோடிடச் சொன்னேன். எல்லோரும் அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் போடவில்லை. ஏன் என்றேன். "அந்தப் பையன் அலமாரிக்குள் ஒளிஞ்சுட்டான் மேம். நாம மட்டும் ஏன் கிட்டப் போய்ப் பார்க்கணும்?" என்றாள். பதில் வரவில்லை, மணியும் அடிக்கவில்லை.

அடிமைமுறையை ஆராயும் சைதியா ஹார்ட்மன் 1997இல் தன் நூலைத் தொடங்கும்போதே இந்தக் காட்சியை எடுத்துப் போட மறுத்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. @இரவல்புத்தகம், உங்கள் தேர்வாளர் மேல் பொறாமையாக இருக்கிறது. எனக்குக் கேள்வி கேட்டது மாணவி.

ஒன்பதுக்குஏழு:
எல்லோரும் டக்ளஸ், டக்ளஸ். ஹாரியட் ஜேக்கப்ஸ் ஒருவருக்கும் கண்ணில் படவில்லையா? தன் அடிமை வாழ்க்கையை 1861இல் நூலாக வெளியிட்டவர். எஜமானிடமிருந்து தப்பி, வட கரோலினாவில் பாட்டி வீட்டுக் கொட்டகைக் கூரைக்கடியில் கிட்டத்தட்ட ஏழு வருடம் ஒளிந்திருந்தவர். இடம் 9 அடிக்கு 7 அடி, உயரமான இடத்திலேயே 3 அடி. வீட்டு ஹாலில் சாக்பீஸால் வரைந்து அதற்குள் படுத்தேன். திரும்பிப் படுத்தால் தோள் கூரையில் இடிக்கும் என்கிறாரே, அதைப் பார்க்க மேலே ஒரு பலகை பிடிக்கச் சொன்னேன். தம்பி இரண்டு நிமிடம் பிடித்தான்.

படிக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. உத்திப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலைத் திறக்காதீர்கள். முன்னுரையை விடாதீர்கள்: டக்ளஸுக்கு அடிமைமுறை எதிர்ப்பாளர்களான கேரிசனும் ஃபிலிப்ஸும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கறுப்பர் எழுதியதை நம்பவைக்க இரண்டு வெள்ளையர் சாட்சி தேவைப்பட்ட காலம். டக்ளஸே 1855இல் இரண்டாம் முறை எழுதியதைப் பக்கத்தில் வையுங்கள். அதில் முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்ற கறுப்பு மருத்துவர். ஜேக்கப்ஸ் 'லிண்டா பிரென்ட்' என்ற பெயரில் எழுதியதால், இது கற்பனை என்றே ரொம்ப காலம் பலர் நம்பினார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர்தான் கடிதங்களை வைத்து இது ஜேக்கப்ஸின் உண்மைக் கதை என்று நிறுவினார். அடுத்து, வாசகரே என்று ஜேக்கப்ஸ் யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் குறியுங்கள். பெரும்பாலும் வடக்கிலுள்ள வெள்ளைக்காரப் பெண்களை. பிறகு குறிப்பேட்டில் இடது பக்கம்

சுண்ணாம்புத்தூள்:
இவ்வளவையும் யார் கேட்டார்கள்?

ஒன்பதுக்குஏழு:
பாதியில் அனுப்பிவிட்டது. மீதி நாளை.

மார்கழிப்பனி:
@இரவல்புத்தகம் நீங்கள் சரி என்கிறீர்கள், திருத்தியவரும் சரி என்று முழு மதிப்பெண் போட்டிருந்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.