புதுப்பிப்பு: சாப்பாட்டு மேசையில் விண்கலம்

பிள்ளைகளோடு மேசையில் சின்ன வீரர் பொம்மைகளை நகர்த்தி விண்வெளிச் சண்டை கேம் விளையாட, கழற்றி மாற்றி அடுக்கக்கூடிய விண்கல அறைகளும் நடைபாதைகளும் எப்படிச் செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். புறக்கோட்டையில் வாங்கிய 5 மி.மீ. போம் போர்டில் (நுரை அட்டை) வெட்டியாயிற்று. எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஃபேன் போடாமல் இருக்க முடியாது, சுவர்கள் சரிந்தபடியே இருந்தன. பாரத்துக்கு அடியில் இரும்பு வாஷர் ஒட்டியதும் சரியாகிவிட்டது. கூரை வைக்கவில்லை, 28 மி.மீ. உயரப் பொம்மைகளை நகர்த்தக் கை உள்ளே போகவேண்டுமே.

அப்புறம், விளையாட்டே மாறிவிட்டது. திறந்த மேசையில் மகள் தூரத்திலிருந்து சுட்டே வெல்வாள். இப்போது சுவர் பார்வையை மறைப்பதால் துப்பாக்கியின் தூரம் உதவாது, கதவுதான் எல்லாம். மகன் ஒரு வீரனைக் கதவடியில் நிறுத்தி, வருகிற எல்லோரையும் சுடுகிறான். “அப்பா, தம்பி அளாப்புறான்!” அளாப்பல் (ஏமாற்று) இல்லைதான், ஆனாலும் அறைக்கு இரண்டு கதவு வெட்டிவிட்டேன். விதி எதுவும் தெரியாத அம்மம்மாதான் எல்லோருக்கும் தாயக்கட்டை உருட்டுகிறார்.